மயக்கத்தில் சொல்லாதது

மார்ச் 5, செவ்வாய்

இன்று பல் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதும் அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. நடுவில் அவருடைய ஆள்காட்டி விரல் இருந்தது.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை அவர் சட்டையைப் பாழாக்கினேன். இரண்டாவது தடவை நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் கீழ ராஜ வீதிவரை வந்துவிட்டேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு துணை அஞ்சலகத்துக்கு போஸ்ட்மாஸ்டர். ஐந்து பேருக்கு மேலதிகாரி.

டாக்டர் சேவியர் நல்ல மனிதர். விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டே பேசினார்.

"மேடம், கீழ்க் கடவாப் பல்லு வேர்வரைக்கும் சீழ் பிடிச்சிருக்கு. எடுத்தே ஆகணும். மாத்திரையில ஒரு மாசம் தள்ளலாம், அதுக்கு மேல தாடையில இறங்கிடும்."

"முழுசா மயக்கம் குடுத்து எடுத்துருங்களேன்."

"திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில பண்ணலாம். ஒரு பல்லுக்கு அது பெரிய ஏற்பாடு. அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பாருங்க. தில்லை நகர்ல ரஹ்மத்நிசான்னு ஒரு மனநல டாக்டர். ஹிப்னாஸிஸ் பண்ணி இந்த ஓங்கரிப்பைக் குறைப்பாங்க. என் பேஷண்டுங்க நாலு பேருக்குச் சரியாயிருக்கு. ஒருத்தருக்கு ஆகலை."

சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். போகிற எண்ணமில்லை.

மார்ச் 6, புதன்

இடது கன்னம் வீங்கிவிட்டது. கவுண்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்புக்கை நீட்டுகிறார்கள்.

பக்கத்து கவுண்டர் ஆதிமூலம் சார், தான் சாப்பிடுகிற மெஸ்ஸில் சொல்லி எனக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வாங்கி வந்திருந்தார். "மெல்ல வேண்டாம் மேடம், தானா இறங்கிரும்" என்றார். மற்ற ஸ்டாஃப் யாருக்கும் வாங்கி வரவில்லை. பல்வலி எனக்கு மட்டும்தானே.

மார்ச் 8, வெள்ளி

காலைத் தபாலில் ஆதிமூலம் சாருக்கு மாற்றல் கடிதம். மனைவி இறந்த பிறகு சொந்த ஊரான கோவில்பட்டிப் பக்கம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். போட்டது என்றோ, இப்போதுதான் இடம் காலியாகியிருக்கிறது. ஏப்ரல் 8க்குள் சம்மதமா இல்லையா என்று எழுதித் தர வேண்டும்.

நல்ல விஷயம். அண்ணன் குடும்பமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நான்கு வருஷமாகப் பக்கத்து கவுண்டரில் இருக்கிறார், ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. யாருக்குக் கிடைத்தாலும் நல்ல ஊழியர்.

கடிதத்தை ரிஜிஸ்டரில் ஏற்றினேன். எண்ணை இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தேன். மாத்திரையின் வேகம்.

மார்ச் 10, ஞாயிறு

வலி தாங்கவில்லை. திருச்சி டாக்டர் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். நான் தம்பி கண்ணப்பன் குடும்பத்தோடு இருக்கிறேன். அதாவது, அவர்கள் என்னோடு இருக்கிறார்கள். அப்பா போனபோது அவனுக்குப் பதினான்கு வயது.

கண்ணப்பன் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னான்: "அதெல்லாம் மனசுல தெம்பு இல்லாதவங்களுக்குத்தான்க்கா ஏறும். உனக்கு ஏறாது. வீண் அலைச்சல்."

அவன் மனைவி செண்பகத்துக்கு நேரெதிர்க் கவலை. "ஏறிருச்சுன்னா என்ன பண்றது? எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒரு மேஜிக்காரன் எங்க பி.டி. வாத்தியாரைக் கண்ணைக் காட்டி மயக்கிட்டான். அவரு பச்சை வெங்காயத்தை ஆப்பிள்னு கடிச்சுத் தின்னாரு. அப்புறம் கோழி மாதிரி மேடையைச் சுத்தி வந்தாரு. மறுநாள்லேருந்து பசங்க யாரும் அவரை மதிக்கலை. அண்ணி, நீங்க கோழி மாதிரி நடந்தா போஸ்டாபீஸ்ல எப்படி உக்காருவீங்க?"

"நான் திருச்சியிலதானே நடப்பேன்."

"விளையாடாதீங்க. நானும் கூட வர்றேன்."

மார்ச் 12, செவ்வாய்

செய்தி எப்படியோ ஆபீஸுக்கு வந்துவிட்டது. நானே சொன்னதாகவும் இருக்கலாம்.

பென்ஷன் வாங்க வரும் ரிட்டயர்டு தாசில்தார் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, "தூங்க வச்சுட்டு அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா உங்களை யாரு எழுப்புறது? அப்படியே கெடப்பீங்களா?" என்றார். தபால்காரர் இன்னொன்று சொன்னார்: போன ஜென்மம் வரைக்கும் போகலாமாம், அவருடைய சகலை போன ஜென்மத்தில் பாளையக்காரராக இருந்தாராம். இந்த ஜென்மத்தில் சைக்கிள் கடை.

ஆதிமூலம் சார் மட்டும் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு கேட்டார்: "உங்களுக்குப் பயமா இருக்கா மேடம்?"

"கோழி மாதிரி நடக்குறதுக்கெல்லாம் பயமில்லை சார். ஏதாவது உளறிட்டா?"

"உளறுற மாதிரி உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஆபீஸ் ரகசியங்கள் இருக்கிறதே என்றேன். யார் யாருக்கு எங்கிருந்து ரிஜிஸ்டர் தபால் வருகிறது என்பதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, அது இருக்கு" என்றார்.

மார்ச் 16, சனி

லீவு போட்டுவிட்டு செண்பகத்தோடு திருச்சி. மாடியில் கிளினிக். இருட்டறையும், சங்கிலியில் ஆடுகிற கடிகாரமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். டியூப்லைட், மேஜை, மேஜை மேல் டாக்டரின் டிபன் டப்பா. அவ்வளவுதான். டாக்டர் ரஹ்மத்நிசாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

செண்பகம் வாசலிலேயே கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கண்ணு வலியாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. ஒரு பாதுகாப்புக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, போட்டுக்கங்க. எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் ஏதாச்சும் ஒரு பயத்தோடதான் வருவாங்க. மொதல்ல அதைக் கொட்டிருங்க. அப்புறம் பல்லுக்குப் போவோம்."

செண்பகம் வெங்காயத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"மேடையில ஏறுறவங்க யாரு?" டாக்டர் கேட்டார். "கை தூக்கினவங்கள்ல நாலு பேரைப் பொறுக்கி எடுப்பாங்க. நாலு பேருக்கும் மேடையில நிக்க ஆசை. ஊரே பாக்குது, சிரிக்குது, அந்த உற்சாகத்துல சொன்னதைச் செய்வாங்க. உங்க வாத்தியாரை ஒரு துணிக்கடைக் கண்ணாடியை உடைக்கச் சொல்லியிருந்தா உடைச்சிருக்க மாட்டாரு. இங்க வேடிக்கை பாக்க ஆளும் இல்லை, மேடையும் இல்லை. மேடத்துக்கு இஷ்டமில்லாததை என்னால செய்ய வைக்க முடியாது."

"முழிக்கலைன்னா?"

"தூங்கினாத்தானேம்மா முழிக்கணும். இது தூக்கமில்லை. பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து எதையோ நெனச்சுக்கிட்டே போயி, எறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டிருக்கீங்களா? கண்ணு தெறந்திருக்கும், கண்டக்டர் குரல் கேக்கும், ஆனா மனசு ஒரே இடத்துல ஊனியிருக்கும். அதுதான். நான் நடுவுல எந்திரிச்சுப் போனாலும் கொஞ்ச நேரத்துல அவங்களே கண்ணைத் தெறந்து, எங்க இந்த டாக்டர்னு தேடுவாங்க."

தம்பி சொன்னதை நான் கேட்டேன். மனசில் தெம்பில்லாதவர்களுக்குத்தான் இது பலிக்குமாமே.

"தலைகீழா சொல்றாரு. மனசை ஒரு இடத்துல நிறுத்தத் தெரியணும். கணக்கு வழக்கு பாக்குறவங்களுக்கு நல்லாவே வரும். எல்லாருக்கும் ஒரே அளவுக்கு வராது, அது நெசம். சில பேருக்கு ரொம்பச் சுளுவா, சில பேருக்குக் கொஞ்சம்போல. உங்களுக்கு எப்படின்னு பாத்தாத்தான் தெரியும்."

உளறுவதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். செண்பகம் பக்கத்தில் இருந்தாள். கேட்கவில்லை.

சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னார். சுவரில் ஒரு ஆணித் தலை. அதையே பார்க்கச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். கண் கனத்தால் மூடிக்கொள்ளலாம், மூடாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு, மனசுக்குச் சுகமான ஒரு இடத்துக்குப் போகச் சொன்னார். கடற்கரை, தோட்டம், எது வேண்டுமானாலும். எனக்குக் கடற்கரை வரவில்லை. காலை எட்டே முக்கால் மணி ஆபீஸ் வந்தது. ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. கோந்து வாசனை. பக்கத்து கவுண்டரில் தபால்களுக்கு முத்திரை குத்தும் சத்தம், ஒரே சீராக. டக் டக். டக் டக்.

"என்ன கேக்குது?" டாக்டரின் குரல்.

"முத்திரை குத்துற சத்தம்."

"யாரு குத்துறாங்க?"

"ஸ்டாஃப்."

"சரி. அந்தச் சத்தத்தோட சேர்ந்தே மூச்சு விடுங்க."

எல்லாம் கேட்டது. தெருவில் பழ வண்டி போனது, மின்விசிறி கிரீச்சிட்டது. அப்போது கொர்ரென்று ஒரு சத்தம். நாற்காலியில் செண்பகம், கூலிங் கிளாஸோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. கை இரண்டும் யாருடையவோ மாதிரி இலேசாக இருந்தன.

நடுவில் என் போன் அடித்தது. கண்ணைத் திறந்து எடுத்தேன். ஆதிமூலம் சார். மதியத் தபால் பைக்கு வைக்கிற சீல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவது டிராயர் என்றேன். "சரி மேடம். நல்லா இருக்கீங்கல்ல?" என்றார். நன்றாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினேன்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "முழிக்காமப் போயிருவீங்கன்னு பயந்தீங்களே. பாத்தீங்களா."

சீல் நான்கு வருஷமாக இரண்டாவது டிராயரில்தான் இருக்கிறது. அவர்தான் தினமும் எடுத்து வைக்கிறார். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

எட்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷம். செண்பகம் திடுக்கிட்டு எழுந்து, "முடிஞ்சுதா அண்ணி? நான் கண்ணு மூடாமப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் தப்பா நடக்கலை" என்றாள்.

மார்ச் 18, திங்கள்

வீட்டுப் பாடம்: காலையும் மாலையும் பத்து நிமிஷம் நானே கண்ணை மூடி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, முத்திரைச் சத்தத்துக்குப் போகவேண்டும். பிறகு ஒரு கரண்டிக் காம்பை நாக்கு நுனியில் வைக்கவேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் உள்ளே. மந்திரமில்லை, பழக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கண்ணப்பன் சமையலறைக்கு வந்து, கண்ணை மூடி வாயில் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டான்.

மார்ச் 20, புதன்

கரண்டி பாதி நாக்கு.

மார்ச் 21, வியாழன்

ஓங்கரிப்பு. செண்பகத்தின் புதுப் பாய் நாசம். துவைத்துப் போட்டேன்.

மார்ச் 23, சனி

இரண்டாவது தடவை. செண்பகம் வரவில்லை, மகனுக்குப் பரீட்சை. அதனால் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், இந்த நெலையில இருக்கும்போது மனசுல உள்ளதெல்லாம் வெளியில வந்துருமா? நாம மறைச்சு வச்சது?"

"எந்த மாதிரி?"

"ஆபீஸ் ரகசியம் மாதிரி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வராதும்மா. நீங்க சொல்ல விரும்பாத ஒரு வார்த்தையைக்கூட என்னால வாங்க முடியாது. ஹிப்னாஸிஸ்ல இருந்துக்கிட்டே பொய் சொல்றவங்ககூட உண்டு. பூட்டை உடைக்கிற சாவி இல்லை இது. நீங்க எப்பவும் போல நீங்களாத்தான் இருப்பீங்க. நிம்மதியா?"

நிம்மதி என்றேன்.

பிறகு எதனால் இந்த ஓங்கரிப்பு வந்தது, சின்ன வயசில் ஏதாவது நடந்ததா, அதைத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நினைவு என்பது ரிக்கார்டு பண்ணிவைத்த கேஸட் இல்லையாம். இந்த நிலையில் தோண்டினால் நடக்காததும் நடந்த மாதிரித் தோன்றுமாம். தபால்காரரின் சகலையை நினைத்துக்கொண்டேன். "காரணம் தெரியாமலே பல்லை எடுத்துரலாம். அதுதானே வேணும்" என்றார்.

இன்றைக்கு இன்னும் ஆழமாகப் போனது. மரக் குச்சியை நாக்கின் நடுவரை வைத்தார். ஓங்கரிப்பு வந்து, வாசலிலேயே நின்று, திரும்பிப் போனது.

எல்லாம் நல்ல செய்திதான். எதையும் உளறமாட்டேன் என்பது உறுதியாகிவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ பஸ்ஸில் வரும்போது எதையோ தொலைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பல்வலிதான்.

மார்ச் 27, புதன்

ஆதிமூலம் சார் சம்மதக் கடிதத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். கொடுத்தேன்.

"என்ன எழுதட்டும் மேடம்?"

"சொந்த ஊரு சார். போகத்தானே வேணும்."

"ஆமா. போகத்தான் வேணும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுதவில்லை.

மேலதிகாரியாக வேறு என்ன சொல்ல முடியும். ஒருவருடைய சொந்த விஷயத்தில் தலையிடக் கூடாது.

மார்ச் 29, வெள்ளி

புனித வெள்ளி, ஆபீஸ் விடுமுறை. மூன்றாவது தடவை, கடைசியும்கூட. பஸ் ஸ்டாண்டில் ஆதிமூலம் சார் நின்றுகொண்டிருந்தார். திருச்சியில் ஒரு செருப்பு வாங்க வேண்டுமாம். புதுக்கோட்டையில் செருப்புக் கடைகள் இருக்கின்றன.

முன்னால் பின்னால் இருக்கைகளில் உட்கார்ந்து போனோம். கீரனூர் தாண்டியதும் என் பக்கத்து சீட் காலியானது. எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"அந்த டாக்டர் என்னதான் செய்வாங்க மேடம்?"

ஆணித் தலை, மூச்சு, கரண்டி எல்லாம் சொன்னேன். சுகமான இடம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

"எந்த இடம்?"

"சித்தன்னவாசல் மலை."

இதை ஏன் மாற்றிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"மலையா. நல்லாத்தான் இருக்கும், காத்து வரும்" என்றார். பிறகு சொன்னார்: "கோவில்பட்டியில அண்ணன் மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வச்சிட்டாரு. தனியா இருக்காதே, வந்துருங்காரு. வீசின கையா போக வேண்டியதுதான். எட்டு வருஷமா இங்கன இருந்தும் ஒரு பெட்டிக்கு மேல சாமான் சேரல."

அவர் மனைவியைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். பெயர் ராஜகனி. நன்றாகச் சிரிப்பாராம். ஏழு வருஷமாகிறது என்றார். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் நான் திரும்பிக்கொண்டேன், அவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று.

டாக்டரிடம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒன்று கேட்டேன்.

"ஒருத்தங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்னு இருக்கு, ஆனா வாயில வரமாட்டேங்குது. அவங்களுக்கு நீங்க ஹிப்னாஸிஸ் பண்ணி, தானா சொல்ற மாதிரி வைக்க முடியாதா?"

"ஒருத்தங்களா."

"தெரிஞ்சவங்க."

டாக்டர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். "அவங்க பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். சொல்றது அவங்கதான் சொல்லணும். நான் சொல்ல வச்சா அது என் வார்த்தையாயிரும். கேக்குறவருக்கு அது எதுக்கு?" என்றார். பிறகு, "அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க, வாய்க்குள்ள கம்பியை விடவே பழகினவங்களுக்கு இது கஷ்டமில்லைன்னு" என்றார்.

கீழே ஆதிமூலம் சார் காத்திருந்தார். செருப்பு வாங்கவில்லை. அளவு இல்லையாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கரண்டி முழு நாக்கு. இருபது எண்ணும்வரை. கண்ணப்பன் பார்த்துவிட்டு, "ஏறிருச்சு போல" என்றான்.

ஏப்ரல் 4, வியாழன்

வலது கையால் எழுதுகிறேன், இடது கையில் ஐஸ் பை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் சேவியர். கூட வருவதாக இருந்த செண்பகம் மகனுக்கு ஜுரம் என்று நின்றுவிட்டாள். ஆபீஸ் பூட்டும்போது ஆதிமூலம் சார், "மெஸ்ஸுக்குப் போற வழிதானே, வாரேன்" என்றார். மெஸ் எதிர்த் திசையில் இருக்கிறது.

சேவியர் டாக்டர் கையுறையை இரண்டு ஜோடி போட்டிருந்தார். "பயப்படாதீங்க மேடம், மரத்துப்போற ஊசியும் உண்டு. ஹிப்னாஸிஸ் அதுக்குப் பதில் இல்லை. ஊசி போட விடுறதுக்குத்தான்" என்றார். பயந்தது அவர்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணை மூடினேன். விரலை விரலோடு அழுத்தினேன். ஷட்டர் பாதி ஏறியது. கோந்து வாசனை வந்தது. டக் டக். டக் டக். யாரோ என் வாயைத் திறந்தார்கள், நானேதான் திறந்தேன். ஊசி தெரிந்தது. கம்பி தெரிந்தது. பல் உடைகிற சத்தம் தலைக்குள் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைக்கிற மாதிரி. இரண்டு தடவை ஓங்கரிப்பு வந்தது. அதை வரவிட்டு, மூச்சுவிட்டு, அனுப்பினேன். முத்திரை குத்துகிறவர் ஒரு தடவை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர். தட்டில் மூன்று துண்டாக என் பல். அவருக்கு வியர்த்திருந்தது. எனக்கு இல்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் ஆதிமூலம் சார் மட்டும்தான். எழுந்தார்.

"ஆச்சா மேடம்? வலிக்கா?"

தலையை ஆட்டினேன். அவருடைய சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உதடு பாதி மரத்திருந்தது, நாக்கு வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் வாய்க்குள் குறடை விட்டு இழுத்தார்கள், ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் என்ன.

"ஓகாதீங்க" என்றேன்.

"என்ன மேடம்?"

"ஓகாதீங்க. ஓயில்பட்டிக்கு."

நர்ஸம்மா சீட்டெழுதுவதை நிறுத்தினார். ஆதிமூலம் சார் கையிலிருந்த என் பையை பெஞ்சில் வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு மறுபடி வைத்தார்.

"இது அந்த ஹிப்னாடிஸம் பேசுதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "இல்ல, மருந்து வேகமா? தெளிஞ்ச பெறகு மாத்திச் சொல்லிருவீங்களா?"

நல்ல வழியாகத்தான் திறந்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், எல்லாம் மருந்தின் மேல் போய்விடும். வெள்ளிக்கிழமை ஆபீஸில் எப்போதும்போல உட்கார்ந்திருக்கலாம்.

பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ரத்தமாக இருந்தது. பார்க்க அழகாக இருந்திருக்காது.

"நாந்தான்" என்றேன். "முழுசா முழிச்சிருக்கேன். நாலு வருஷமா முழிச்சிருக்கேன்."

அவர் என் கையிலிருந்த பஞ்சைக் காட்டி, "அதைக் கடிச்சுக்கிடுங்க. ரத்தம் வருது" என்றார். ஆட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டார். ஆட்டோ கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரடி கூடவே வந்தார்.

"சீல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார். "அன்னைக்குக் கேட்டேம்லா."

தெரியும் என்று சொல்ல முடியவில்லை, பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

வீக்கம் இருக்கிறது, லீவு. ஓய்வெடுத்தேன். காலையில் சமைத்து, பாத்திரம் தேய்த்து, பரணை ஒழித்து, செண்பகத்தின் மகனுக்கு ஜுரக் கஞ்சி வைத்து, வாசல் கம்பியைத் துடைத்தேன். செண்பகம் என்னைப் பார்த்து, "அண்ணி, பல்லைத்தானே எடுத்தாங்க?" என்றாள்.

ஏப்ரல் 8, திங்கள்

காலை எட்டே முக்கால். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஆதிமூலம் சார் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "சொந்தக் காரணங்களுக்காக மாற்றலை ஏற்க இயலவில்லை" என்று எழுதியிருந்தார். அலுவலகத் தலைவராக நான் மேலொப்பம் போட்டு அனுப்ப வேண்டும்.

"சொந்தக் காரணம்னு மட்டும் போட்டா கேப்பாங்களா சார்?"

"கேட்டா விவரமா எழுதுதேன் மேடம். எழுதலாமா?"

"இப்போதைக்கு இது போதும்."

பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டேன். அவர்தான் உறையில் போட்டு ஒட்டினார். முத்திரையும் அவர்தான் குத்தினார்.

ஏப்ரல் 10, புதன்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டே வாக்கியம்தான், மனசுக்குள் ஒத்திகை பார்த்தது ஒன்பது வாக்கியம். கேட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வெளியே போய்விட்டான்.

செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த டாக்டரம்மாதான் ஏதோ செஞ்சுட்டாங்க. நான் ரெண்டாவது தடவையும் வந்திருக்கணும். இல்லாட்டி நீங்க இப்படியெல்லாம் பேசுற ஆளா?"

"அவங்க பல்லுக்கு மட்டும்தான் செஞ்சாங்க."

அவள் என் கையை விட்டாள். "எனக்கும் அவங்க அட்ரஸ் வேணும் அண்ணி. மாமியார் வீட்டுல பேசுறதுக்கு நாலு விஷயம் இருக்கு" என்றாள். அவளுக்கு மாமியார் இல்லை. நான்தான் இருக்கிறேன். பிறகு இருவருக்கும் அது உறைத்து, ரொம்ப நேரம் சிரித்தோம். பல் எடுத்த இடத்தில் போட்ட தையல் இழுத்தது.

கண்ணப்பன் திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் படுத்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

பேசவில்லை. சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் பல் தேய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் கேட்டான்: "மெஸ்ஸெல்லாம் வருஷப் பிறப்பன்னைக்கு லீவு விட்டுருவானுங்களே. அவரு சாப்பாட்டுக்கு எங்க போவாரு?"

"தெரியலை. கேக்கலை."

"கேளு" என்றான். வாயைக் கொப்பளித்தான். "எனக்குப் பதினாலு வயசுலேருந்து நீ எதுவும் கேட்டதில்லைக்கா. திடீர்னு கேட்டதும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அவ்வளவுதான்."

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, முருங்கைக்காய் சாம்பார், பாயசம். ஆதிமூலம் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றரைக்கே வந்து, தெருமுனையில் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து சொன்னார்கள். புதுச் செருப்பு போட்டிருந்தார்.

எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. கண்ணப்பன் பரிமாறினான், அவன் எப்போதும் பரிமாறுகிறவன் இல்லை. செண்பகத்துக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

"நான் கேட்டே தீரணும். தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "எங்க அண்ணி மயக்கத்துல ஏதோ சொன்னாங்கன்னு நீங்க வந்துட்டீங்களா? அந்த டாக்டரு உங்களுக்கும் ஏதாச்சும் பண்ணினாங்களா?"

ஆதிமூலம் கையிலெடுத்த கவளத்தை இலையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, கண்ணப்பனைத்தான் பார்த்தார்.

"எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார். "நானாத்தான் வந்தேன். முன்னாடியே வந்திருக்கணும்."

கண்ணப்பன் குனிந்து, அவர் கேட்காமலே, இலையில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினான்.

"முருங்கைக்கா நம்ம வீட்டு மரம்தான் அத்தான்" என்றான். "மெதுவாச் சாப்பிடுங்க."